பந்தியில் எழும்பாத ஒருவன்

ராஜபாளையத்தில் மாதத்துக்கு ஒரு நாள் கரண்ட் போகும். சும்மா போகாது, முதல் நாளே பேப்பரில் சொல்லிவிட்டுத்தான் போகும். 'பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்விநியோகம் இருக்காது' என்று, தெருப் பெயர்களின் வரிசையோடு ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும். அதைப் பார்த்துவிட்டு வீடுகளில் விடியும்போதே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவார்கள். தோசைக்கு அரைப்பவர்கள் எட்டரைக்குள் அரைத்துக்கொள்வார்கள். ஒன்பது மணிக்கு மின்வாரியத்து ஆட்கள் ஏணியோடு வந்து கம்பியில் உரசுகிற கிளைகளை வெட்டுவார்கள், டிரான்ஸ்பார்மரில் எண்ணெய் பார்ப்பார்கள். கரண்ட் ஓடுகிற கம்பியில் யாரும் கை வைக்க முடியாது. நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

டேட்டாபேசும் அப்படித்தான்.

தென்காசி ரோட்டில் ஓர் உரக்கடை மாடியில் நான்கு மேசை போட்ட சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்று இருந்தது. ஷெரின் அங்கே வேலை பார்த்தாள். ஊரில் பதினொரு பேண்டேஜ் ஃபேக்டரிகள் அவர்களுடைய சாஃப்ட்வேரை வைத்திருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பேட்ச் நம்பர் உண்டு. அந்தப் பேட்ச் எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் நீராவியில் வெந்தது, யார் பக்கத்தில் நின்று பார்த்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அம்புட்டும் சேர்ந்து கிடப்பது ஒரே டேட்டாபேசில். அது கிளவுடில் இருக்கிறது என்பார்கள். மேகமும் இல்லை, ஒன்றும் இல்லை. மும்பையில் யாருடைய கட்டடத்திலோ ஓடும் கம்ப்யூட்டரில் வாடகைக்கு எடுத்த இடம், அவ்வளவுதான். வீட்டுக்காரர் வெள்ளையடிக்க வருகிற மாதிரி அந்த கிளவுட் கம்பெனிக்காரர்களும் அவ்வப்போது வருவார்கள். அடியில் இருக்கும் மென்பொருளில் ஓட்டை அடைக்க வேண்டும், புது பாகம் மாட்ட வேண்டும். அதற்கு டேட்டாபேசை நிறுத்தி மறுபடி ஓடவிட வேண்டும். ஐந்தாறு நிமிட வேலை. எந்தக் கிழமை, எந்த அரை மணி நேரம் என்று நாம் குறித்துக் கொடுக்கலாம். குறித்ததைத் தள்ளியும் போடலாம், ஆனால் ஒரு கடைசித் தேதிக்கு மேல் போனால் அவர்களே ஒரு நேரத்தில் செய்துவிடுவார்கள்.

மற்ற ஊர்க் கம்பெனிகள் ராத்திரி இரண்டு மணியைக் குறிக்கும். இங்கே முடியாது, ஃபேக்டரிகளில் ராத்திரிதான் நீராவி அடுப்பு ஓடும். ஃபேக்டரிகளுக்கு ஞாயிறு காலை லீவு. நியாயமாகப் பார்த்தால் அதுதான் சரியான நேரம். ஆனால் அந்த டேட்டாபேசைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வின் ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தொட மாட்டான். கோயிலில் கீபோர்டு வாசிக்கிறவன். முதல் ஆராதனை முடிந்து, பாடகர் குழு முடிந்து, வாலிபர் கூட்டமும் முடிந்து அவன் வீடு சேர மணி ஒன்றாகும். அவன்தான் யோசித்து இந்த வழியைக் கண்டுபிடித்தான்: கரண்ட் கட்டாகிற நாளில் வைத்துக்கொள்ளலாம். ஃபேக்டரி எப்படியும் இருட்டு. யாரும் எதையும் தேட மாட்டார்கள். ஆபீசில் இன்வெர்ட்டர் இருக்கிறது. காலை பத்து மணி.

கிளவுட் கம்பெனி நம் ஊர் நேரத்தை வாங்காது, லண்டன் பக்கத்து நேரத்தில்தான் எழுத வேண்டும். நம்முடையதிலிருந்து ஐந்தரை மணி குறைவு. அதனால் செல்வின் ஒரு மஞ்சள் காகிதத்தில் 'பத்து = நாலரை' என்று எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருந்தான். அவன் போய் எட்டு மாதம் ஆகியும் அந்தக் காகிதம் விழவில்லை. அந்த மேசையில் இப்போது அவன் மனைவி ஷெரின் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த மாசம் தள்ள முடியாதும்மா," என்றார் காளிராஜ். கம்பெனி அவருடையது. திங்கட்கிழமை பேப்பரை மடித்து, பெட்டிச் செய்தி மேலே தெரிகிற மாதிரி அவள் மேசையில் வைத்தார். "நாளைக்கு கரண்ட் இல்ல. கடைசித் தேதி இருபத்தொண்ணுன்னு கிளவுட்காரனும் மெயில் போட்டுட்டான். பிப்ரவரில அந்த நெலமைல நானே தள்ளுனேன். மார்ச்சுல ஆடிட்னு சொன்ன. ஏப்ரல்ல பெரிய வெள்ளின்ன. ஆடி மாசம் சீவில்லிபுத்தூர்ல தேரு, பஸ் ஓடாதுன்ன. தேருக்கும் மும்பைல கெடக்க டேட்டாபேசுக்கும் என்ன சம்பந்தம்னு நானும் கேக்கல."

"தேர்வடம் அம்புட்டு தூரம் போகும் போலண்ணே," என்றான் அடுத்த மேசை கௌதம்ராஜ். கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

"ஏலே, நீ ஒன் வேலையப் பாரு."

"வேலையத்தாண்ணே பாக்கேன். ஒரு பேட்ச் நம்பரத் தேடச் சொல்லிட்டு கீழ போயி டீ குடிச்சிட்டு வந்துரலாம். முன்னாடி ரெண்டு செகண்டு, இப்ப நாப்பது. ஒரு ஃபேக்டரில கேக்காவ, 'தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல தேடுதீங்களா, குடோனுக்குப் போயித் தேடுதீங்களா'ன்னு."

ஷெரின் சிரிக்கவில்லை. "நாளைக்கு வச்சுக்கலாம்ணே," என்றாள். காளிராஜ் இதை எதிர்பார்க்கவில்லை. பேப்பரை அங்கேயே விட்டுவிட்டுத் தன் உள்ளறைக்குப் போனார்.

டேட்டாபேஸ் ஏன் மெதுவாகிவிட்டது என்று ஷெரினுக்குத் தெரியும். எட்டு மாதமாகத் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டேட்டாபேசில் இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டால் ஒரு பட்டியல் கொடுக்கும். பெயர், உள்ளே வந்த நேரம், கடைசியாகக் கேட்ட கேள்வி, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார். அதில் ஒரு வரி எட்டு மாதமாக மாறாமல் நின்றது. பெயர்: செல்வின். ஆரம்பித்த நேரம்: பிப்ரவரி பன்னிரண்டு, பதினொன்று நாற்பத்திரண்டு. கடைசியாகக் கேட்டது: பராமரிப்பு நாட்காட்டியைக் காட்டு. இப்போது செய்வது: மாற்றத்தை ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல் சும்மா இருக்கிறார்.

செத்தவன் பெயர் எப்படி உள்ளே இருக்கும் என்று கேட்கலாம். அதில் மாயம் ஒன்றும் இல்லை. செல்வின் தன் லேப்டாப்பிலிருந்து நேராக டேட்டாபேசுக்குப் போவதில்லை. மும்பையிலேயே கம்பெனி இன்னொரு சின்னக் கம்ப்யூட்டரையும் வாடகைக்கு எடுத்திருந்தது. முதலில் அதற்குள் போவான், அங்கே ஒரு திரையைத் திறந்து, அதிலிருந்து டேட்டாபேசைப் பிடிப்பான். இங்கே லேப்டாப்பை மூடினாலும், நெட் போனாலும், ஆளே போனாலும், அங்கே திறந்த திரை திறந்தபடி இருக்கும். யாராவது மூடுகிறவரை, அல்லது டேட்டாபேஸ் ஒரு தடவை நின்று எழும்புகிறவரை.

அதனால்தான் தேரோட்டமும் பெரிய வெள்ளியும்.

டேட்டாபேஸ் எதையும் உடனே அழித்துவிடுவதில்லை. ஒரு வரியை மாற்றினால் பழையதை ஓரமாக வைத்துவிட்டுப் புதியதை எழுதும். உள்ளே இருக்கிற யாராவது பழையதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் அல்லவா, அந்த மரியாதை. எல்லோரும் வேலையை முடித்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் பழையதைக் கூட்டி அள்ளும். கல்யாணப் பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு எழும்புகிறவரை இலை எடுக்க வரமாட்டார்கள் இல்லையா, அதே முறைதான். செல்வின் இன்னும் எழும்பவில்லை. பதினொரு ஃபேக்டரியின் எட்டு மாதத்துப் பழைய வரிகள் எச்சில் இலை மாதிரி விரித்தபடி கிடந்தன. புதிதாகத் தேட வருகிறவர்கள் அவற்றுக்கு நடுவே நடந்து போக வேண்டியிருந்தது. அதற்குத்தான் நாற்பது செகண்ட்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். நாட்காட்டியில் பிப்ரவரி பதினெட்டு என்று ஒரு வரி உண்டு. அதை யார் மாற்றப் போனாலும் திரை அப்படியே நின்றுவிடும். செல்வின் அந்த வரியைப் பிடித்திருக்கிறான் என்று அர்த்தம். அதில் எதையோ மாற்றியிருக்கிறான். மாற்றத்தை உறுதி செய்யவில்லை. உறுதி செய்கிறவரை புதியது அவன் திரையில் மட்டும்தான் தெரியும், உலகத்துக்குப் பழையதுதான். அவன் என்ன மாற்றினான் என்று அவள் பார்த்ததில்லை. அந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்குள் போகும் சாவி செல்வினிடமும் காளிராஜிடமும்தான் இருந்தது. கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் மூடிவிடுவார்கள்.

அந்தப் பதினெட்டாம் தேதிக்காகத்தான் அவர்கள் சண்டை போட்டார்கள்.

கல்யாணமாகி ஐந்து வருடம். குழந்தைக்காக மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் காத்திருந்து தேதி வாங்கியிருந்தார்கள். இரண்டு பேரும் வர வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கிடைத்த தேதி பிப்ரவரி பதினெட்டு. இரண்டு நாள் கழித்து, ஃபேக்டரிகளுக்கு முன்கூட்டியே அனுப்புகிற பட்டியலில் மின்வாரியமும் அதே தேதியைச் சொன்னது.

"பதினோரு ஃபேக்டரிக்கும் சொல்லியாச்சு ஷெரின். ஆஸ்பத்திரில வேற நாள் கேளு," என்றான் செல்வின்.

"மூணு மாசம் நின்னு வாங்கினது. கரண்ட் ஆபீஸ்காரனுக்குக் குடுக்க மரியாதைல கொஞ்சம் எனக்குக் குடுங்க."

"அத விட்டா ஞாயித்துக்கெழமதான் இருக்கு. நான் எப்படி..."

"தெரியும். ஞாயித்துக்கெழம கர்த்தருக்கு. மிச்ச ஆறு நாளு டேட்டாபேசுக்கு. எனக்கு எந்த நாளுன்னு சொல்லுங்க, நான் அன்னைக்கு வாரேன்."

மறுநாள் புதன்கிழமை முதல் பஸ்ஸில் அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு மணிக்குள் மூன்று தடவை போன் வந்தது. பதினொன்று ஐம்பத்தொன்று, ஐம்பத்துமூன்று, ஐம்பத்தெட்டு. தையல் மிஷின் மேல் மல்லாந்து கிடந்த போனில் அவன் பெயர் மூன்று தடவை வந்து மூன்று தடவை அணைந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். வேலைக்கு வரச் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு வேறு நம்பரிலிருந்து போன் வந்தது. மம்சாபுரம் விலக்கில் திரும்பிய டிராக்டரில் பைக் மோதிவிட்டது. பதினேழாம் தேதி சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: நாளை உங்கள் முறை, இருவரும் வரவும்.

செவ்வாய்க்கிழமை அவள் ஆபீசுக்கு வந்தபோது மணி ஒன்பது பத்து. கரண்ட் போயிருந்தது. உரக்கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தார். மாடியில் இன்வெர்ட்டரின் மெல்லிய இரைச்சல். கௌதம்ராஜ் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தான். வழக்கமாக அவள் படியேறுவதற்குள் ஒரு கிண்டல் வந்துவிடும். இன்று வரவில்லை.

செல்வின் இருந்தவரை அவன் ஷெரினை 'வதினா' என்று கூப்பிடுவான். அவன் வீட்டில் தெலுங்கு. அண்ணன் மனைவி வதினா. முதல் நாள் அதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஏதோ காய்கறிப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று. அடக்கம் முடிந்த மறுவாரம் ஆபீசுக்கு வந்தபோது 'அக்கா' என்றான். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

"அக்கா, நேத்து சாயந்தரம் நான் பாத்துட்டேன்," என்றான். "ஏன் இம்புட்டு லேட்டாகுதுன்னு தோண்டிக்கிட்டே போனேன். அண்ணன் பேரு நிக்கு."

ஷெரின் பையை இறக்கிவைத்தாள்.

"ஒரே ஒரு வரி அடிச்சா வெளிய தள்ளிரலாம். அடிக்கவும் செஞ்சேன். என்டர் தட்ட கை வரல. காளியண்ணன்கிட்ட சொல்லிட்டேன். கோவப்படாதீங்க."

காளிராஜ் உள்ளறையிலிருந்து தன் லேப்டாப்பைக் கையிலேயே தூக்கிக்கொண்டு வந்தார். அவர் கோபமாக இருக்கிறாரா என்று ஷெரின் பார்த்தாள். தெரியவில்லை.

"எட்டு மாசமா நீ மட்டும் பாத்துக்கிட்டு இருந்தியா?"

"தெனமும் இல்லண்ணே." கொஞ்சம் கழித்து, "காலைல வந்ததும் ஒருக்கா. போறப்ப ஒருக்கா," என்றாள்.

அவர் லேப்டாப்பை அவள் மேசையில் மஞ்சள் காகிதத்துக்குக் கீழே வைத்தார். "பத்து மணிக்கு டேட்டாபேஸ் நிக்கும். நின்னா இது தன்னால போயிரும், அவன் மாத்துனது என்னன்னு பொறவு யாராலயும் பாக்க முடியாது. பாக்கணும்னா இப்பப் பாத்துக்கோ. வேண்டாம்னா மூடிருதேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் மணி ஒன்பது முப்பத்தைந்து. பிறகு, "தெறங்க," என்றாள்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. எட்டு மாதம் முன்னால் அவன் விரல் அடித்தவை, வந்த வரிசையிலேயே இருந்தன. முதல் வரியில் மாற்றத்தை ஆரம்பி என்று ஒரு கட்டளை. அடுத்தது மாற்றம். அதற்குக் கீழே, மாற்றம் சரியாக விழுந்ததா என்று நாட்காட்டியைக் காட்டச் சொல்லியிருந்தான். டேட்டாபேஸ் காட்டியிருந்தது.

பழைய தேதி: பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய். புதிய தேதி: பிப்ரவரி இருபத்துமூன்று, ஞாயிறு, காலை பத்து.

தேதியை மாற்றினால் காரணம் எழுத வேண்டும், அது செல்வின் வைத்த சட்டம்தான். ஃபேக்டரிக்காரர்களிடம் உள்ளதைச் சொன்னால் முகம் சுளித்துச் சடைக்க மாட்டார்கள் என்பான். காரணம் என்ற கட்டத்தில் எழுதியிருந்தான்: பதினெட்டாம் தேதி மனைவியோடு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

கடைசி வரியில், முடியாத வேலை இருக்கிறது என்று காட்டும் சின்ன நட்சத்திரக் குறி. அதன் பக்கத்தில், மாற்றத்தை உறுதி செய்கிற 'கமிட்' என்ற கட்டளையை முழுசாக அடித்து, முடிவுக் குறியையும் போட்டிருந்தான். அதற்கு அந்தப் பக்கம் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. என்டர் மட்டும் தட்டவில்லை.

ஏன் தட்டவில்லை என்று அந்த ஆபீசுக்கு வெளியே இருக்கிற யாருக்கும் புரியாது. மூன்று பேருக்கும் ஒரே நொடியில் புரிந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் செல்வின் அவசரத்தில் தனியாக ஒரு மாற்றம் செய்தான். ஒரே ஒரு பேட்ச்சை மாற்றப் போய் ஒரு ஃபேக்டரியின் மாதம் முழுவதையும் மாற்றிவிட்டான். மூவாயிரம் பெட்டி இரண்டு நாள் நகராமல் நின்றது. அதிலிருந்து யாரும் தனியாக என்டர் தட்டுவதில்லை. ஒரு ஆள் அடிக்க வேண்டும், திரையில் வந்ததை வாய்விட்டு வாசிக்க வேண்டும். இன்னொரு ஆள் கேட்டுவிட்டு 'போடு' என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் தட்டுவது. பக்கத்தில் இல்லாவிட்டால் போனில் கேட்டாவது. செல்வின் அடித்தால் 'போடு' சொல்வது எப்போதும் ஷெரின்தான்.

"நான் அன்னைக்கு இந்தா இந்த டேபிள்லதான் இருந்தேன்," என்றார் காளிராஜ். "போன காதுல வச்சு வச்சு எடுத்தான். மூணு தடவ. பொறவு என்னயப் பாத்து, 'அண்ணே, செத்த நேரத்துல வாரேன், சீவில்லிபுத்தூர் வரைக்கும்'னான். என்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேன் 'போடு'ன்னு." அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "ஒங்கிட்டதான் கேக்கணும்னு இருந்திருக்கான்."

ஷெரின் மனதுக்குள் நேரத்தைக் கணக்குப் போட்டாள். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஆரம்பித்தான். ஐம்பத்தொன்றுக்குக் கூப்பிட்டான். எடுத்திருந்தால் வாசித்திருப்பான், ஞாயிற்றுக்கிழமை என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அவள் என்ன சொல்கிறாள் என்று பார்த்திருப்பான். ஒரு சொல். அது போதும். என்டரைத் தட்டிவிட்டு மத்தியானம் டிபன்பாக்ஸைத் திறந்திருப்பான். பைக் சாவி மேசையிலேயே கிடந்திருக்கும்.

"பத்து மணிக்கு தன்னால போயிரும்," என்றார் காளிராஜ் மறுபடி, மெதுவாக. "அவன் மாத்தவே இல்லங்கிற மாதிரி ஆயிரும்."

"போட்டா?"

கௌதம்ராஜ்தான் பதில் சொன்னான். "போட்டா பதினோரு ஃபேக்டரிக்கும் மெசேஜ் போகும்க்கா. தேதி மாறுனா தன்னால போற மாதிரிதான அண்ணன் எழுதி வச்சிருக்காவ. கமிட் ஆகுறவரைக்கும் வாசல்ல நிக்கும், ஆனதும் பறந்துரும். அண்ணன் பேர்லதான் போகும்."

"மாத்தின நேரம் எதுன்னு வரும்?"

அவளுக்கே தெரிந்த பதில்தான். யாராவது சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது. கௌதம்ராஜ் சொன்னான்: "ஆரம்பிச்ச நேரம்தான் வரும். எம்புட்டு நாள் கழிச்சு முடிச்சாலும் டேட்டாபேசுக்கு அது ஒரே நேரம். பிப்ரவரி பன்னெண்டு, பதினொண்ணு நாப்பத்திரெண்டு."

மணி ஒன்பது நாற்பத்தெட்டு. ஷெரின் கீபோர்டுப் பக்கம் கையைக் கொண்டுபோய் எடுத்துக்கொண்டாள். "நீங்க சொல்லுங்கண்ணே. நான் தட்டுதேன்."

"நான் சொல்ல மாட்டேன்." காளிராஜ் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கனத்த மனிதர். நாற்காலி முனகியது. சுட்டுவிரலை என்டர் மேல் வைத்தார். பிறகு திரையில் இருந்ததை, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டு வாசித்தார். பழைய தேதி. புதிய தேதி. ஞாயிறு. காலை பத்து. காரணம் வந்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் விடாமல் வாசித்து முடித்தார். "ஒன்னயத்தான் கேட்டான். நீ சொல்லு தாயி."

ஷெரின் சொல்ல வாயெடுத்தாள். தினமும் ஆபீசில் சொல்கிற அதே சாதாரணக் குரலில் சொல்லப் பார்த்தாள்.

"போடு."

காளிராஜ் தட்டினார். நட்சத்திரம் போய்விட்டது.

அடுத்த மூச்சில் அவள் பைக்குள் போன் அதிர்ந்தது. கௌதம்ராஜின் சட்டைப் பையிலும் அதிர்ந்தது. காளிராஜின் போன் உள்ளறை மேசையில் மணியடித்தது. ஆபீஸ் ஆட்களுக்கும் அந்த மெசேஜ் போகும் என்பதை மூவருமே மறந்திருந்தார்கள். ஷெரின் எடுத்துப் பார்த்தாள். பராமரிப்பு நாள் மாற்றம், பதினெட்டுக்குப் பதில் இருபத்துமூன்று ஞாயிறு, மனைவியோடு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், இப்படிக்கு செல்வின்.

காளிராஜ் எழுந்து ஃபேக்டரிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட ஆரம்பித்தார். "ஆமா, பழசு ஒண்ணு சிக்கிக் கெடந்துச்சு, இப்பத்தான் வெளிய வந்துருக்கு. ஆமாமா, அவன் பேர்லதான். ஒண்ணும் செய்ய வேண்டாம், விட்டுருங்க." சில இடத்தில் அதையே இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பது பேரைப் பிடித்தார். இரண்டு நம்பர் கிடைக்கவில்லை.

பத்து மணி கடந்து ஒரு நிமிடம் ஆனபோது டேட்டாபேஸ் நின்றது. ஷெரின் பட்டியலைத் திறந்தே வைத்திருந்தாள். முதலில் பட்டியல் உறைந்தது, பிறகு 'இணைப்பு இல்லை' என்று ஒரு வரி மட்டும் வந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மும்பையில் யாரோ ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ரோட்டில் மின்வாரியத்து ஆள் ஒருவர் வேப்பங்கிளையை வெட்டித் தள்ளினார். கீழே நின்ற உரக்கடைக்காரர், "பாத்து, பாத்து, போர்டுல விழுது," என்றார்.

பத்து ஏழுக்கு எழும்பியது. அவள் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஷெரின் என்று ஒரு வரி. கௌதம்ராஜ் என்று ஒரு வரி. பட்டியல் அவ்வளவுதான். மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள், இரண்டே வரியை நகர்த்துவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்தும்.

கௌதம்ராஜ் ஒரு பேட்ச் நம்பரைத் தேடினான். "நாப்பதுதான். இன்னும் கூட்டி அள்ளணும்ல. சாயந்தரத்துக்குள்ள ரெண்டு செகண்டுக்கு வந்துரும்," என்றான். யாரும் கேட்காமலேயே சொன்னான்.

பத்து ஒன்பதுக்கு டேட்டாபேசில் புதிதாக ஒரு வரி விழுந்தது. தேதி மாற்றச் செய்தி போனால் ஃபேக்டரியிலிருந்து 'சரி' என்று பதில் வர வேண்டும். அந்தப் பதில்கள் வந்து விழுகிற கட்டம் அது. போனில் கிடைக்காத இரண்டு நம்பரில் ஒன்று. அழகுத்தாய் என்ற பெண், ஜூனில்தான் அந்த ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவுக்கு வந்தவள். செல்வினை அவள் பார்த்ததே இல்லை. தேதியையும் பார்க்கவில்லை போலிருக்கிறது, காரணத்தை மட்டும் வாசித்திருக்கிறாள்.

'சரி சார். நல்லபடியா ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.'

ஷெரின் அதை வாசித்தாள். கௌதம்ராஜ் எட்டிப் பார்த்து, அவனும் வாசித்தான். பதிலுக்குப் பக்கத்தில் 'பார்த்தாச்சு' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் குறி போட்டால் பதில் பட்டியலிலிருந்து நகர்ந்து உள்ளே போய்விடும். அவள் மவுசை அதன் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"போடுங்க வதினா," என்றான் கௌதம்ராஜ்.

அவள் கை மவுசின் மேலேயே இருந்தது.

"செத்த நேரம் கெடக்கட்டும்," என்றாள்.